விளியும் விளிவும்

‘விளி’ என்னும் அடியிலிருந்து தமிழிலே இரண்டு வினைகள் கிளைக்கின்றன. விளித்தல் என்றால் அழைத்தல். விளிதல் என்றால் இறத்தல். இடையிலே ஒரு தகரமெய் வந்தால் அழைப்பு, வராவிட்டாற் சாவு. இவ்விரண்டுக்கும் யாதேனும் உறவுண்டோ என்னும் ஐயம், இலக்கணம் கற்பிப்பார்க்கு ஒருமுறையேனும் எழாமற் போகாது. அகராதி அவ்வுறவைக் காட்டுவதில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். அகராதி காட்டாத உறவைக் கம்பியாலும் பற்றரியாலும் உண்டாக்கிவிட்ட ஒரு பொறியைப் பற்றிச் சில கூறுவதே ஈண்டு நம் நோக்கம்.

தொல்காப்பியனார் வேற்றுமையை ஏழென்று கூறிப் பின் விளியோடு கூட்டி எட்டென்று எண்ணினார். அவ்வெட்டாவதற்கு விளிமரபு என ஓரியலே வகுத்தார். ஒருவரைத் தன்முகமாகத் திரும்பச் செய்வது விளி. உயர்திணைக்கு விதி கூறியவர், அஃறிணையை அழைக்கவேண்டிய காலம் வருமாயின் ஏகாரம் பெறுக என்று அதற்கும் வழி செய்தார். தொலைவில் நிற்பாரை அழைக்குங்கால் ஒலி தன் அளவைக் கடந்து நீளும் என்பதையும் மறந்தாரல்லர். இத்தனை விதிகளுக்கும் அடியிலே சொல்லாமற் கிடப்பவை இரண்டு. அழைப்பவன் தன் குரலால் அழைக்கின்றான். அழைக்கப்படுவதன் பெயரைச் சொல்லி அழைக்கின்றான். இவ்விரண்டும் இல்லாத ஓர் அழைப்பு உலகில் நிகழக்கூடும் என்று இலக்கணம் கருதியதில்லை.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே அது நாள்தோறும் நிகழ்கின்றது. ரெக்சாஸ் முதலிய மாநிலங்களில் ஊனுண்ணும் விலங்குகளை வேட்டையாடுவோர் ஒரு பெட்டியைக் காட்டுக்குக் கொண்டு செல்வர். அதனைப் பற்றையோரத்தில் வைத்துவிட்டு அப்பாற் சென்று மறைந்திருப்பர். பெட்டியிலிருந்து முயலொன்று பகைவாய்ப்பட்டுக் கதறும் குரல் எழும். அதைக் கேட்ட கொயோட்டியோ, நரியோ, பொப்கற் என்னும் காட்டுப் பூனையோ, இரை எளிதிற் கிடைத்ததென்று ஓடிவரும். மறைந்திருப்பவன் சுடுவான். இப்பெட்டி கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றது. எனினும், அதனைத் தம் வீட்டிலேயே செய்துகொள்வோரும் அந்நாட்டிற் பலர். அவர்களைப் பற்றியே நாம் பேசப் புகுகின்றோம். விலைக்கு வாங்கியவன் தான் எதை வாங்கினான் என்பதை அறியாமலும் இருக்கலாம். தானே செய்தவன் அறிந்தே செய்கின்றான்.

கொயோட்டி என்பது ஓநாய்க்கும் நரிக்கும் இடைப்பட்ட ஒரு விலங்கு. பெயர் மெக்சிக்கோவின் பழைய நகுவாற்று மொழியிலிருந்து வந்தது. 1823ஆம் ஆண்டில் தோமஸ் சே என்னும் அறிஞர் அதற்குக் குரைக்கும் நாய் என்னும் பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். குரலாற் பெயர்பெற்ற விலங்கைக் குரலாலேயே கொல்கின்றார்கள்.

இவ்வழைப்பு முதலிற் பொறியாய் இருக்கவில்லை. புறங்கையை உதட்டிற் பொருத்தி உறிஞ்சினால் எலி கீச்சிடுவதுபோல ஓரொலி பிறக்கும்; அதனைக் கேட்டு நரி வரும். வேட்டுவர் கண்ட முதற் கருவி அவர் கையே. அடுத்து வந்தது சீவாளி போன்ற ஒரு நாக்கைப் பொருத்திய சிறு ஊதுகுழல். ரெக்சாசிலுள்ள மாபிள் ஃபோல்ஸ் என்னும் ஊரைச் சேர்ந்த பேர்ன்ஹாம் சகோதரர் 1950களில் இவ்வூதுகுழல்களைத் தபால்மூலம் நாடெங்கும் விற்றனர். 1960களில் அதே மாநிலத்து வேக்கோ நகரைச் சேர்ந்த ஜோனி ஸ்ருவேட் என்பவர் விலங்குகளின் குரலை இசைத்தட்டிற் பதித்து விற்கத் தொடங்கினார். இசைத்தட்டுக்குப் பின் ரேப் வந்தது. ரேப்புக்குப் பின், நகத்தளவு சில்லு ஒன்றில் நூற்றுக்கணக்கான குரல்களை அடக்கும் இக்காலத்துப் பெட்டி வந்தது. கையிலிருந்து மூச்சுக்கும், மூச்சிலிருந்து தட்டுக்கும், தட்டிலிருந்து சில்லுக்கும் அழைப்பு இடம்பெயர்ந்தது. ஒவ்வொரு படியிலும் அழைப்பவன் தன் அழைப்பினின்று சிறிது தூரம் விலகினான் என்பதை நோக்குக.

இனி, அப்பெட்டியை வீட்டிலே எவ்வாறு செய்கின்றார்கள் என்பதைச் சிறிது விரிவாகவே கூறவேண்டும். குறைகூறப் புகுபவன் குறைகூறும் பொருளை நன்கு அறிந்திருத்தல் வேண்டும் என்பது நம் ஆசிரியர்மார் நமக்குப் பழக்கிய நெறி.

உறுப்புகள் நான்கு. பதிந்த குரலை வைத்திருந்து ஒலிக்கும் ஒரு சிறு கருவி, அதன் மெலிந்த மின்னலையைப் பெருக்கும் ஒரு பெருக்கி, ஒலிபெருக்கி, இவற்றை இயக்கும் 12 வோல்ற்றுப் பற்றரி. இசை கேட்பதற்கென இளைஞர் சட்டைப்பையில் வைத்துத் திரிந்த எம்பி3 கருவியே முதலாவதற்குப் போதும். பெருக்கி 10 அல்லது 20 வாற்று வலியுடையதாய் இருந்தால் அமையும். உறைக்கு, தோட்டா வைத்திருந்த பழைய இரும்புப் பெட்டியைப் பலர் கொள்கின்றனர். மழைநீர் புகாது என்பது காரணம். பெட்டியை ஓரிடத்தும் தம்மை வேறிடத்தும் வைத்துக்கொள்ளுதற்கு நீண்ட வயரையோ, தொலைவிலிருந்து இயக்கும் றிமோற்றையோ இணைப்பர். வருகின்ற விலங்கின் கண்ணும் காதும் பெட்டியின்மேல் இருக்கும். துப்பாக்கி பிடித்தவன்மேல் இரா.

நுட்பம் ஒலிபெருக்கியிலே உள்ளது. வானொலிப் பெட்டிக்குள் இருக்கும் தாட்கூம்பு, தனக்குக் கொடுத்த மின்வலுவில் நூற்றில் ஒன்று இரண்டு பங்கையே ஒலியாக்கும். எஞ்சியது வீணே வெப்பமாய்க் கழியும். புனல்வடிவான ஒலிபெருக்கியோ பத்துப் பங்குக்கு மேலும் ஒலியாக்க வல்லது. நம்மூர்த் திருவிழாக்களிலே பனைமரத்தின் உச்சியிற் கட்டி, அயலூர்க்காரரின் உறக்கத்தையும் கெடுக்கும் அப்புனலேதான்! நாதசுரத்தின் அணசு விரிந்திருப்பதும் இதன்பொருட்டே. முயலின் கதறல் உச்சமான சுருதியுடையது. புனலோ உச்ச சுருதியை நன்கு எறியும். ஆதலால் சிறு பற்றரி ஒன்று நெடுந்தூரம் பேசுகின்றது. தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபெல் குறைந்துகொண்டே போகும் என்பது கணக்கு. அறிந்தவர் முதலில் தாழ்ந்த ஒலியிலே தொடங்குவர். அருகில் ஒரு விலங்கு படுத்திருந்தால் அது வெருளாதிருக்கவேண்டும் அன்றோ.

ஓர் ஏழை வேலைக்காரன் தன் வீட்டுப் பின்புறத்திலே, பழைய பொருள்களைக் கொண்டு, ஓமும் வாற்றும் பொருந்தக் கணக்கிட்டு, ஈயம் உருக்கி ஒட்டி இப்படியொரு பொறியைச் செய்து முடிக்கின்றான் என்றால் அவன் அறிவை மெச்சாதிருக்க முடியாது. பௌதிகத்தைப் பாடமாக்கிச் சோதனையில் எழுதிவிட்டு, வீட்டிலே மின்குமிழ் எரியாவிட்டால் அயலவனைக் கூப்பிடும் நம் மாணாக்கரை எண்ணும்போது அம்மெச்சுதல் இரட்டிக்கின்றது.

ஆயினும் அவன் செய்தது ஒரு வாய். அவ்வாய் என்ன பேசுகின்றது என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

முயல் ஏறத்தாழ ஊமைப்பிராணி. உண்ணும்போதும், ஓடும்போதும், குட்டியோடிருக்கும்போதும் அதன் வாயினின்று நம் காதுக்கு எட்டும் ஒலி எதுவும் வருவதில்லை. அது உரத்துக் கத்துவது, பற்கள் தன்மேற் பதிந்த பின்னரே. தன் வாழ்நாள் முழுவதற்கும் அது சேர்த்துவைத்த ஒரே குரல் அது. ஏன் அப்போது மாத்திரம் கத்துகின்றது? துணைக்கு வருவார் இல்லை. 1983ஆம் ஆண்டிலே ஹொக்ஸ்ரெட் என்னும் அறிஞர் பறவைகளின் இத்தகைய கதறலை ஆராய்ந்து ஒரு கருத்தை வெளியிட்டார். பிடிபட்டது கத்தினால் வேறொரு வேட்டை விலங்கு இரையைப் பறிக்க ஓடிவரும். இரண்டும் பொருதும் குழப்பத்திலே பிடிபட்டது தப்பிப் பிழைக்கவும் கூடும் என்பது அது. இக்கருத்து முயலுக்கும் பொருந்துமாயின், அக்கதறல் வெறும் வேதனையன்று. சாவின் வாயிலிருந்து விடுக்கும் கடைசி விண்ணப்பம். பகைவனுக்கும் பகைவனை விளிக்கும் விளி.

அந்த விண்ணப்பத்தையே பெட்டியில் அடைத்தார்கள். விற்பனைக்கு வரும் பதிவுகளிற் பல, மனிதர் வாயால் நடித்தவை அல்ல. உயிருள்ள முயல் துன்புறுங்கால் எழுப்பிய குரலையே பதிந்தவை. அப்படிப்பட்டவை என்பதே அவற்றுக்குப் பெருமையாகவும் சொல்லப்படுகின்றது. ஒருமுறை கதறிய முயல் மடிந்து மண்ணாயிற்று. அதன் கதறலோ அடுத்த நாளும், அடுத்த ஆண்டும், ஆயிரங்காடுகளிலும் ஓய்வின்றிக் கேட்கின்றது. ஊதுகுழல் வேட்டுவனுக்கு மூச்சு வாங்கும், உதடு வறளும். பெட்டிக்கு அவை இல்லை.

இங்கே ஒரு வியப்பான செய்தியையும் குறித்தாக வேண்டும். எம்பி3 என்னும் பதிவு முறை மனிதக் காதை அளவாக வைத்து வகுக்கப்பட்டது. மனிதன் கேட்கமாட்டாத நுண்ணொலிகளை அது கழித்துவிடும்; அதனாலேயே பதிவு சிறிய இடத்தில் அடங்குகின்றது. மனிதக் காது மிகுதியாயின் வினாடிக்கு 20,000 அதிர்வு வரையே கேட்கும். நாய்க்குலத்தின் காதோ 40,000க்கு மேலும் கேட்க வல்லது. ஆகவே நம் காதுக்கு முழுக்கதறலாய்த் தோன்றுவது கொயோட்டியின் காதுக்கு மேற்பாதி வெட்டுண்ட கதறல். வீட்டிற் பொறி செய்வோரில் நுணுக்கமறிந்தவர், சுருக்காத வேவ் என்னும் பதிவையே கொள்ளுகின்றனர். அதுவும் 44,100 கூறெடுப்பில் அமைந்ததாயின் 22,050 அதிர்வுக்குமேல் எதையுந் தாராது. எனினும் விலங்கு வருகின்றது! பசி, பாடபேதம் பார்ப்பதில்லை போலும்.

வருகின்ற விலங்கும் மூடமானதன்று. கொயோட்டி நேரே வராமல், காற்று வீசும் திசையைக் கணித்து, ஒலி எழும் இடத்தைச் சுற்றிக் காற்றின் கீழ்ப்புறமாக வரும். காது கூறியதை மூக்கைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளும் முறை அது. அம்முறையில் ஒருமுறை தப்பிய விலங்கு மறுமுறை அக்குரலுக்கு எளிதில் வாராது. அமெரிக்க வேட்டுவர், காட்டிலே பெட்டிகள் பெருகப் பெருக விலங்குகள் குரலுக்கு அஞ்சி நிற்கின்றன என்று குறைப்படுகின்றார்கள். பொய்யை அளவின்றிப் பரப்பியவர், நம்புவார் இல்லையே என்று வருந்துவது உலகில் எங்கும் உள்ளதே.

இதுகாறுங் கூறியவற்றைக் கேட்டுச் சிலர் வினவக்கூடும்: ‘பண்டிதர் அமெரிக்கனைக் குறைகூறுகின்றார். பழந்தமிழர் இதனைச் செய்திலரோ?’ செய்தனர். மறைக்க வேண்டியதில்லை. சங்க நூல்களிலே ‘பார்வை’ என்றொரு சொல் உண்டு. கண்ணாற் பார்த்தல் என்னும் பொருளில் அன்று. வேட்டுவர் பழக்கிக் கட்டிவைத்து, அதனைக் காட்டித் தன்னினத்தை வரவழைக்கும் மானும் புள்ளும் அப்பெயர் பெற்றன. உயிருள்ள பார்வைகளை வைத்து நீர்ப்பறவைகளைச் சுடுவதை அமெரிக்க அரசு 1935ஆம் ஆண்டில் தடைசெய்தது. நம் வேட்டுவருக்கும் அவர்களுக்கும் கருவி ஒன்றே.

பார்வை கண்ணை ஏமாற்றுவது. காதை ஏமாற்றியதற்கும் நம்மிடத்துச் சான்றுண்டு. அசுணம் என்றோர் உயிர். அதனை விலங்கென்பாரும் பறவையென்பாரும் உளர். அது இன்னிசைக்கு மயங்கும், வல்லோசைக்கு மாயும். வேட்டுவர் மறைந்திருந்து யாழை மீட்டுவர், அசுணம் இசையில் ஈடுபட்டு அணுகி வரும், அணுகியதும் பறையை அறைவர், அது உயிர்விடும். அப்படி ஓர் உயிர் உண்மையில் இருந்ததோ என்பது இங்கு வேண்டா. புலவர் அதனை எதற்குக் காட்டினர் என்பதே வேண்டும். நற்றிணையின் 304ஆம் பாட்டிலே மாறோக்கத்து நப்பசலையார் ஒரு தலைவியைப் பேசவைக்கின்றார். தலைவன் கூடினால் தன் மேனி பொலிவதையும், பிரிந்தால் பசலை பாய்வதையும் கூறிய அவள், இன்பமும் துன்பமும் ஒருங்குதரும் அவன் மார்பை அசுணங் கொல்வாரது கைக்கு ஒப்பிடுகின்றாள். கலித்தொகை 143ஆம் பாட்டும் யாழ் கேட்டு நின்ற விலங்கின் உயிர்போகப் பறையறைந்த கொடுமையைப் பிரிவின் துயருக்கே உவமையாக்குகின்றது. அசுணங் கொல்வாரை வீரரென்று பாடிய பாட்டு அன்று இது. நம்பிவந்தவளுக்கு இழைத்த தீங்கை எதனால் அளப்பது என்று தேடிய புலவர், அதற்கு ஏற்ற அளவுகோல் இதுவே என்று கண்டனர்.

நப்பசலையார் யாழை இகழவில்லை; பறையையும் இகழவில்லை. கையைச் சொன்னார். மீட்டுவதும் அறைவதும் ஒரே கை. அமெரிக்கனுடைய பெட்டியிலே மீட்டும் கை எங்கே? பொத்தானை அமுக்கும் விரல் ஒன்றே உள்ளது. அவ்விரலுக்குச் சுருதி தெரியவேண்டியதில்லை; முயலையும் தெரியவேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலே நரிக்குறவர் தம் வாயாலேயே நரியின் ஊளையை எழுப்பி நரிகளை வலைக்கு வரவழைத்தவர். எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலிலும் இது குறிக்கப்பட்டுள்ளது. வயிற்றுக்காகச் செய்தார்கள். 1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அத்தொழிலை முடித்தது. அவருடைய ஊளையையும் இப்பெட்டியையும் ஒரு தராசில் நிறுத்தல் ஆகாது என்பது என் கருத்து. நரிபோல ஊளையிடக் கற்றவன் இரவிரவாக நரியைக் கேட்டிருக்கின்றான். இணையை அழைக்கும் ஊளை எது, எல்லை காட்டும் ஊளை எது என்று பகுத்திருக்கின்றான். ஒருவகையில் அவன் அம்மொழியின் மாணாக்கன். கொல்லுகின்ற மாணாக்கனே, ஆயினும் மாணாக்கன். பெட்டிக்காரன் எழுத்தறியாதவன் பிறன் கையெழுத்தை அச்சாக்கி விற்பதுபோல்வான்.

மேற்கு அமெரிக்காவின் ஆட்டுப்பண்ணைக்காரன் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. வசந்தகாலத்திலே ஈன்ற குட்டிகளைக் கொயோட்டி தூக்கிச் செல்லும்போது, அவனிடம் நற்றிணையை எடுத்து விரித்தாற் கேட்பானா? மாட்டான். அந்நாட்டு அரசின் வேளாண்மைத் திணைக்களமே தன் ஊழியர்மூலம் 2018ஆம் ஆண்டில் மாத்திரம் 60,000க்கு மேற்பட்ட கொயோட்டிகளைக் கொன்றது. பயன்? 1900ஆம் ஆண்டளவில் வட அமெரிக்காவின் மேற்கிலும் நடுவிலும் வாழ்ந்த அவ்விலங்கு இன்று கண்டத்தின் கீழ்க்கரைவரை பரவித் தெற்கே பனாமாவையும் எட்டிவிட்டது. கொல்லக் கொல்லக் குறையாத ஒன்றைக் கொல்வதற்கு ஆட்டுக்குட்டியைக் காரணங் காட்டுவது சில இடங்களிற் பொருந்தும். எல்லா இடங்களிலும் பொருந்தாது. மிகுதியாகக் கொன்றவனுக்குப் பரிசு என்று போட்டிகளும் நடைபெற்றன. அத்தகைய பரிசுப் போட்டிகளைக் கலிபோர்னியா மாநிலம் 2014ஆம் ஆண்டில் தடைசெய்தது. வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. போட்டியில் ஏது ஆட்டுக்குட்டி?

சட்டங்களை நோக்கினால் ஒரு விந்தை தோன்றும். ஐரோப்பியக் கூட்டு நாடுகள் 1979ஆம் ஆண்டிலே பறவைகளைக் காக்க வகுத்த விதிகளில், தடைசெய்த கருவிகளின் வரிசையில் ஒலிப்பதிவுக் கருவியும் இடம்பெற்றது. கண்ணி, பிசின், மின்னதிர்ச்சி என்பவற்றோடு ரேப் ரெக்கோடரும் ஒன்றாக நிற்கின்றது! அமெரிக்காவிலும் வலசை வரும் வேட்டைப் பறவைகளைப் பதிந்த குரலால் அழைத்துச் சுடுதல், சிலவகை வாத்துகளுக்கு விலக்களித்து, சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. வாத்துக்குப் பொய்சொல்லலாகாது, கொயோட்டிக்குச் சொல்லலாம். இவ்வேற்றுமைக்கு அறம் காரணமன்று. வாத்து நாளைக்கும் வேண்டும் என்பதே காரணம்.

இனி, இப்பெட்டியையே முற்றாக ஒழிக்க வேண்டுமென்று யான் கூறுவதாக எவரும் கொள்ளற்க. இதே பெட்டி, இதே புனல், இதே பற்றரி, வேறு கைகளிலே வேறு பணி செய்தன. கென்யாவின் அம்போசெலியில் வாழும் வேர்வெற் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் என மூன்று வகையாய்க் கத்துகின்றன. செய்ஃபாத், செனி, மாளர் என்னும் மூவர் அக்குரல்களைப் பதிந்து, சிறுத்தையோ கழுகோ பாம்போ இல்லாத வேளையிற் பற்றைக்குள் ஒலிபெருக்கியை மறைத்து ஒலிக்கச் செய்தனர். சிறுத்தைக் குரலுக்குக் குரங்குகள் மரமேறின. கழுகுக் குரலுக்கு அண்ணாந்தன. பாம்புக் குரலுக்குத் தரையை நோக்கின. 1980ஆம் ஆண்டில் இது வெளியாயிற்று. சொல்லும் பொருளும் மனிதனுக்கே உரியன என்றிருந்த கொள்கை அன்று சிறிது அசைந்தது. அவர்களும் மறைந்திருந்தே ஒலித்தனர். ஆயின் அவர்கள் எதிர்பார்த்தது சடலத்தையன்று, விடையை.

பொய்க்குரலாற் கேடில்லை என்றும் நினைத்துவிடலாகாது. கனடாவிலே சிட்டுக்குருவி வகையொன்றின் கூடுகளை வலையாலும் மின்வேலியாலும் காத்து, எந்தப் பகையும் அணுகாதபடி செய்துவிட்டு, பகைவிலங்குகளின் குரலை மாத்திரம் ஒலிக்கச் செய்தனர். 2011ஆம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சியின்படி, அவ்வொலியைக் கேட்ட குருவிகள் ஓராண்டிற் பெற்று வளர்த்த குஞ்சுகள் நூற்றுக்கு நாற்பது குறைந்தன. ஒரு குஞ்சையேனும் எவரும் தொடவில்லை. தொட்டது ஒலி. காட்டிலே பெட்டியை வைத்துவிட்டு, எதுவும் வரவில்லை, சுடவில்லை, ஆகவே தீங்கில்லை என்று திரும்பும் வேட்டுவன் இதனைக் கேட்டிருக்க வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். கொயோட்டி இங்கில்லை, அதனைக் கொல்லும் பெட்டிக்கும் இங்கே வேலையில்லை. யானை உண்டு. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இப்பகையில் மாண்டனர். வன்னியிலும் கிழக்கிலும் சேனைப்பயிர் செய்வோன் இரவெல்லாம் பரண்மீது யானைவெடியோடு விழித்திருக்கின்றான். வெடிக்கு யானை பழகிவிட்டது. வெடி அவன் கையிலேயே வெடிப்பதுமுண்டு.

கென்யாவில் யானைகள் தேனீக்கு அஞ்சுவதைக் கண்டறிந்த லூசி கிங் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் நம் உடவளவைப் பூங்காவிலே, கலைக்கப்பட்ட தேனீக்களின் இரைச்சலைப் பதிந்து காட்டுயானைகளுக்குக் கேட்கச் செய்தனர். யானைகள் விலகிச் சென்றன. 2018ஆம் ஆண்டில் இது வெளிவந்தது. தென்னிந்தியாவிலே துப்பில், கொஸ் என்னும் இருவர் புலியின் உறுமலையும் சிறுத்தையின் உறுமலையும் ஒலித்துப் பார்த்தனர். புலியின் குரலுக்கு யானை வாய்திறவாமற் பின்வாங்கிற்று. சிறுத்தையின் குரலுக்கோ சினந்து பிளிறிற்று. 2013ஆம் ஆண்டுச் செய்தி இது. நம் தீவிற் புலி இல்லை, சிறுத்தைதான் உண்டு. ஆகவே நமக்குத் தேனீயே கதி.

விலங்கைப் பயிரிலிருந்து ஒலியால் ஓட்டுதல் நமக்குப் புதிதன்று. குறிஞ்சித்திணையின் பாதி இலக்கியம் தினைப்புனங் காவலிலே நடைபெறுகின்றது. தட்டை, தழல், குளிர் என்னும் ஒலிக்கருவிகளைக் கொண்டு தலைவி கிளி ஓப்பினாள். ஓப்பினாள், கொன்றாளில்லை. அக்கருவிகள் எப்படி இருந்தன என்று உரையாசிரியர் கூறுவதை நாம் வகுப்பிலே எழுதச் சொல்லுகின்றோம். மாணாக்கர் எழுதிவிட்டு மறந்துவிடுகின்றனர். ஒரு கல்லூரியிலேனும் விஞ்ஞான வகுப்பும் தமிழ் வகுப்பும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, 12 வோல்ற்றுப் பற்றரி ஒன்றையும் புனல் ஒன்றையும் தேனீயிரைச்சற் பதிவொன்றையும் கொண்டு இக்காலத் தட்டை ஒன்றைச் செய்து பார்க்குமாயின், குறிஞ்சிப்பாட்டுக்கு அதனினுஞ் சிறந்த உரை வேறில்லை. அமெரிக்க வேட்டுவன் வீட்டுப் பின்புறத்திற் செய்ததில் ஈயம் ஒட்டிய இடங்கூட மாறவேண்டியதில்லை; சில்லிலுள்ள குரல் மாறினாற் போதும். யானை இதற்கும் பழகிவிடாதோ எனின், ஒரே குரலை ஒரே இடத்தில் ஓயாது ஒலித்தால் பழகிவிடும். ஆதலால் யானை வரும்போது மாத்திரம் ஒலிக்கும்படியும், இடம் மாறும்படியும் அமைத்தல் வேண்டும். துப்பிலும் கொஸ்சும் யானையே வந்து கண்ணுக்குப் புலனாகாத ஒளிக்கதிரை அறுத்தால் ஒலிக்கும்படி தம் பொறியை அமைத்திருந்தனர். இதனைச் செய்ய நம் பிள்ளைகளுக்கு அறிவுண்டு. பற்றரி வாங்கப் பணந்தான் பெற்றோர் கொடுக்கவேண்டும்.

கலைச்சொல் ஆக்குவோர்க்கு ஒரு வேண்டுகோள். கொல்லுதற்கு அழைக்கும் அமெரிக்கப் பெட்டிக்கு ‘விளிப்பொறி’ என்று பெயரிடலாம். அச்சொல்லின் இரண்டு பொருளும் அதற்குப் பொருந்தும். யானையை விலக்கும் பெட்டிக்குக் ‘கடிபொறி’ என்க. கடிதல் ஓட்டுதல், கிளிகடிதல் என்பது வழக்கு. மூன்றாவதொன்றும் நம் நூல்களில் உண்டு. அகநானூற்று 102ஆம் பாட்டிலே, தினை உண்ண வந்த யானை கொடிச்சி பாடிய குறிஞ்சிப் பண்ணைக் கேட்டு, கதிரையும் தின்னாமல், நின்ற இடத்தைவிட்டும் பெயராமல் உறங்கிப்போகின்றது. அப்படிச் செய்யும் பெட்டி வரும்போது பெயர் வைத்துக்கொள்ளலாம்.